தியோடர் செய்த மூன்று திருத்தம்

நாலு மாதத்தில் மூன்றே மூன்று திருத்தம். தியோடர் பெயருக்கு நேரே அவ்வளவுதான் இருந்தது.

சுப்புலக்ஷ்மி பெயருக்கு நேரே இருநூற்றுப் பதினொன்று.

மேனேஜர் பத்ரிநாத் பட்டியலைத் திரையில் பெரிதாகக் காட்டியதும் மீட்டிங்கில் இருந்த பதினெட்டுப் பேரும் தியோடரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதர் பேனா மூடியை உருட்டிக்கொண்டிருந்தார். சுப்புலக்ஷ்மி மட்டும் தலையைத் தூக்கவில்லை.

2001. அமெரிக்காவில் தும்மினால் பெங்களூரில் ஆள் குறைக்கிற வருஷம். அந்த ஆபீஸில் நடந்தது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சை ஓட்டும் 'சி' மொழியில் எழுதிய பழைய கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றைச் சுத்தம் செய்யும் வேலை. எட்டு லட்சம் வரி. பன்னிரண்டு வருஷமாக யார் யாரோ எழுதியது. ஒரே வேலைக்கான கட்டளைத் தொகுப்பு ஏழு ஃபைலில் காப்பி ஆகிக் கிடக்கும். 'இதைத் தொடாதீர்கள், எப்படி ஓடுகிறது என்று எனக்கும் தெரியாது' என்று ஓர் இடத்தில் எழுதி வைத்துவிட்டு ஒருவர் கனடாவுக்கே போய்விட்டார்.

பத்ரிநாத் அதைத் திறந்து பார்த்துப் பல வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை தோறும் யார் எத்தனை திருத்தம் என்று எண்ணுவார். அவரைப் பொறுத்தவரை அதுதான் நிர்வாகம்.

அன்று மாலை தியோடரை அறைக்குக் கூப்பிட்டார். பத்து நிமிஷம்தான். வெளியே வந்த தியோடர் டிபன் பாக்ஸையும் இரண்டு புத்தகங்களையும் பையில் போட்டுக்கொண்டு, சிவாஜிநகர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். சுப்புலக்ஷ்மி கேட் வரை ஓடினாள்.

"ஏன் சார் உள்ளே உண்மையைச் சொல்லலை?"

"சொன்னா உன் வேலை போயிடும்மா. வீட்டுக்காரருக்கு இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருக்கில்ல?"

பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

பிப்ரவரியில் சந்தாபுரா கிட்டே அவள் கணவனின் ஸ்கூட்டரை லாரி இடித்துவிட்டது. அவளுக்கு லீவு மிச்சமில்லை. காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். திருத்த எடுத்து அவள் பாதியில் விட்ட ஃபைல்கள் வேறு யாரும் தொட முடியாமல் பூட்டிக் கிடக்கக் கூடாதே என்று தியோடரிடம் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தாள். அவர் தன் வேலையையும் சேர்த்து அவள் பெயரிலேயே போட்டுவிட்டார்.

இருநூற்றுப் பதினொன்றில் அவள் செய்தது இருபது தேறினால் அதிகம். அது தெரிந்தும் மீட்டிங்கில் வாயே வரவில்லை. அதுதான் அவளை அறுத்தது.

மறுநாள் காலை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பத்ரிநாத்தின் மேஜையில் வைத்தாள்.

அவர் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வேறு யாரிடமாவது காட்டினாளா என்று கேட்டார். இல்லை என்றாள்.

"என்னை அனுப்பிடுங்க சார். அவரைத் திரும்பக் கூப்பிடுங்க. நான் சொல்றதை நம்பலைன்னா..."

"நம்பறேன்" என்றார் பத்ரிநாத். "நான் எம்.பி.ஏ. படிச்சதே ஆபீஸ் நேரத்துலதான். ஒண்ணரை வருஷம் என் பேர்ல திருத்தினது அவர்தான். அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் என்னை மேனேஜர் ஆக்கினாங்க."

சுப்புலக்ஷ்மிக்கு உயிர் வந்தது. "அப்படின்னா நீங்களே ஹெட் ஆபீஸுக்கு ஒரு வார்த்தை சொல்லிடலாமே சார்."

பத்ரிநாத் அந்தத் தாளை நாலாக மடித்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"இந்த விஷயம் தெரிஞ்சவர் இங்கே அவர் ஒருத்தர்தான் இருந்தார், சுப்புலக்ஷ்மி. இத்தனை வருஷம் காத்திருந்து நேத்துதான் ஒருவழியா அனுப்பினேன். திரும்பக் கூப்பிடச் சொல்றீங்களே!"