கண்டிப்பான எஜமானி

“பொண்டாட்டி வந்து கேட்டாள்னு கைதியை அவ வீட்டு வேலைக்கே தூக்கிக் கொடுத்தா, அதுக்குப் பேர் தண்டனையா? விருந்து! இனி இந்த ஆபீஸ்ல அது கிடையாது” என்றார் கேப்டன் லாத்பரி. சற்று முன்னால் ஒருத்தி அழுதுகொண்டே வெளியே போயிருந்தாள்.

பெரிய மேசைக்குப் பின்னால் நீதிபதியான லாத்பரி. கணப்பை ஒட்டி, சேற்றுப் பூட்ஸோடு கல்குவாரிக் கங்காணி கிரிம்ஷா. ஜன்னலோரம் எழுத்தர் ஆம்ப்ரோஸ். அவனும் கைதிதான், கையெழுத்து அழகாக இருந்ததால் கல் உடைக்காமல் தப்பியவன். நடு நாற்காலியில், கையுறை போட்ட கைகளை மடியில் கோத்தபடி ஹன்னா மெல்லர். இங்கிலாந்திலிருந்து, கைதிகளை நாடு கடத்தும் இந்த வான் டீமன் தீவுக்குத் தானாகவே கப்பலேறி வந்து, ஆற்றங்கரையில் நிலம் பிடித்திருப்பவள்.

“உங்களுக்கு என்னம்மா வேணும்?”

“பண்ணை வேலைக்கு ஒரு கைதி. வீட்ல ஆம்பள இல்ல.”

“நல்ல பையனா ஒருத்தனைத் தரச் சொல்றேன்.”

“நல்லவன் வேண்டாம் துரை. ஜோனா தார்ப் வேணும்.”

கிரிம்ஷா சிரித்துவிட்டான். “அந்தக் கழுதையா? அவனை உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவன் ஒரு ஆட்டைத் திருடினான். அதோட என் குடும்பமே நாசமாப் போச்சு. அவன் கப்பலேறின நாள்லேருந்து நான் நிம்மதியாத் தூங்கினதில்ல.” அவள் குரல் உயரவே இல்லை. “ஹோபார்ட் சிறையில போய்க் கேட்டேன். செங்கல் சூளைக்கு அனுப்பிட்டோம்னாங்க. சூளையில கேட்டா, துறைமுகத்துக்குத் தப்பி ஓடினான், சவுக்கடி கொடுத்து ரோடு போட அனுப்பினோம்னாங்க. ரோடு போடற இடத்துல, உங்க குவாரியைக் காட்டினாங்க.”

“இந்தக் குளிர்ல அத்தனை தூரமா?” லாத்பரி புருவத்தை உயர்த்தினார். “ஆத்திரம் இருந்தாத்தான் முடியும்.”

ஹன்னா கையுறைகளை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆம்ப்ரோஸ் எழுதுவதை நிறுத்தினான். இவள் கையில் மாட்டினால் தார்ப் தொலைந்தான். குவாரியில் சவுக்குக்காவது கணக்கு உண்டு. ஆற்றங்கரைப் பண்ணையில் யார் பார்க்கப் போகிறார்கள்?

“துரை” என்று மெல்ல ஆரம்பித்தான். “குவாரியிலயும் ஆள் பத்தலைன்னு...”

“உன்னை எவன் கேட்டான்? நீயும் அங்கே போறியா?”

ஆம்ப்ரோஸ் பேனாவைக் கூராக்கத் தொடங்கினான். இங்கிலாந்தில், நார்விச்சில் இருக்கும் அவன் மனைவியின் கடிதங்கள் நின்று நான்கு வருடமாகிறது. அவனைத் தேடிக்கொண்டு கோபத்தோடுகூட யாரும் வந்ததில்லை.

“அவன் எப்படிப்பட்டவன்யா?” என்று கிரிம்ஷாவைக் கேட்டார் லாத்பரி.

“வேலை செய்வான் துரை. ஆனா பிடிவாதக்காரன், குடிக்க மாட்டான், எவளையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டான். இடது மோதிர விரல்ல வளையமாப் பச்சை குத்தியிருக்கான். மோதிரம் வாங்க வக்கில்லாதவன் கல்யாணம்! சம்மட்டி பிடிக்கறப்போ அது தேயாம இருக்க துணி சுத்திக்குவான். பசங்க கிண்டல் பண்ணினா மூக்கை உடைச்சிடுவான்.”

“ஓ, பொண்டாட்டி வேற இருக்காளா? அவ கடலுக்கு அந்தப் பக்கமே கிடக்கட்டும்.” லாத்பரி ஹன்னாவிடம் திரும்பினார். “அவன் முரண்டு பிடிச்சா?”

“நான் பார்த்துக்கறேன்.”

“ஓடிட்டா?”

“ஓட விடமாட்டேன் துரை. இனி என் கண்ணைவிட்டு ஒரு அடி நகர முடியாது.”

லாத்பரி மேசையைத் தட்டினார். “இதுதான் தண்டனை! ஆம்ப்ரோஸ், உத்தரவை எழுது. இவங்க கையெழுத்தையும் வாங்கு. கிரிம்ஷா கையோட கொண்டு போகட்டும்.”

ஆம்ப்ரோஸ் மனசே இல்லாமல் எழுதி முடித்தான். லாத்பரி தம் கையெழுத்தைப் போட்டுவிட்டு, புகைக்குழாயில் புகையிலை அடைக்கப் போனார். ஹன்னா ஜன்னலோர மேசைக்கு வந்து பேனாவை வாங்கினாள்.

“கையுறையோடவே போடலாமா?”

“மை கறையாயிடும்மா.”

ஒரு கணம் தயங்கியவள், இரண்டு கையுறைகளையும் கழற்றிவிட்டு, இடது கையால் தாளை அமுக்கிப் பிடித்துக் கையெழுத்திட்டாள். ஆம்ப்ரோஸ் அசையாமல் நின்றான்.

“என்னய்யா, சிலை மாதிரி நிக்கறே?” என்றார் லாத்பரி, திரும்பாமலே.

“மை காயட்டும்னுதான் துரை” என்றவன், தாளை அமுக்கியிருந்த அவளுடைய மோதிர விரலில் வளையமாகத் தெரிந்த பச்சையின் மேல் மை ஒற்றும் தாளைப் போட்டு மூடினான். பிறகு உத்தரவை மடித்து, அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரையை ஓங்கி அழுத்தி, “சீக்கிரம் கொண்டு போங்க” என்று கிரிம்ஷாவின் கையில் கொடுத்தான்.