இடது பிளாக், வலது பிளாக்

சோதனைக்கு விட்ட செம்புப் பட்டை மூன்றாவது முறையும் வலது பக்கமாக வளைந்து வெளியே வந்தது.

அக்பர் பாஷா அதைத் தரையில் போட்டுப் பார்த்தார். வெட்டிப் போட்ட நகம் மாதிரிக் கிடந்தது.

உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால், ஜவுளிக் கிடங்குக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் இருக்கும் வெள்ளிப் பட்டறை. தாம்பாளத்துக்குத் தகடு இழுக்கும் மிஷினில் அன்று புது ரோல்கள் ஏறிக்கொண்டிருந்தன. மேலே ஒரு ரோல், கீழே ஒரு ரோல். அவற்றின் முனைகளைத் தாங்க இடதும் வலதுமாக இரும்பு பிளாக்குகள். இடைவெளியைக் கூட்டிக் குறைக்க, இரண்டு பக்கமும் அளவு முள் வைத்த ஸ்க்ரூ.

ரோல்களின் இடைவெளி இரண்டு ஓரங்களிலும் ஒன்றாக இருந்தால் தகடு நேராக வரும். ஒரு ஓரம் மயிரிழை நெருங்கிவிட்டால் அந்த ஓரம் அதிகம் நசுங்கி நீளும். தகடு மறுபக்கம் வளையும்.

போன மாதம் அசோக் நகரில் ஒரு பட்டறைக்கு அவர் ரோல் ஏற்றிக் கொடுத்தார். பழைய மூக்குக் கண்ணாடி. அளவுக் கோட்டைத் தவறாகப் படித்துவிட்டார். அங்கே தகடு வாழைப்பழம் போல வந்த செய்தி, அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் தி.நகருக்கு வந்துவிட்டது. அதன் பிறகு யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

பட்டறை முதலாளி ஸ்ரீலக்ஷ்மி மட்டும் கூப்பிட்டாள். அதுவும் நிபந்தனையோடு. ஒரு மணிக்குள் பட்டை நேராக வர வேண்டும். வராவிட்டால் அம்பத்தூரிலிருந்து கம்பெனி ஆள் வருவான். இனிமேல் எல்லா ரோலுக்கும் அவன்தான்.

மணி பன்னிரண்டேகால்.

மிஷின் ஓட்டும் வேம்பு யோசனை சொன்னான். “இடது ஸ்க்ரூவ ஒரு நூல் தூக்கி வுடு பாய். நேரா வந்துடும். யாருக்குத் தெரியப் போவுது?”

“புது ரோலு, புது பிளாக்கு. ரெண்டு பக்கமும் முள்ளு சைபர்ல கீது. அப்புறம் இன்னாத்துக்குடா தூக்கணும்? நோவு உள்ளேயே கீது. மேல துணியப் போட்டு மூடச் சொல்றியா?”

புதுக் கண்ணாடியை மூக்கில் அழுத்திக்கொண்டு மிஷினைப் பிரித்தார்.

கீழ் ரோலின் இடது பிளாக்கைத் தூக்கினார். அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், காய்ந்து தட்டையாகியிருந்தது. நடுவில் குங்குமம்.

வேம்பு மின்விசிறியைப் பார்த்தான். ஸ்ரீலக்ஷ்மி போனைப் பார்த்தாள்.

காலையில் பிளாக்குகளைத் துடைத்துச் செய்தித்தாளில் வைத்துவிட்டு அவர் கை கழுவப் போனது ஐந்து நிமிடம்.

“மேல வெச்சா நீங்க தொடைச்சிடுவீங்க பாய். அதான் அடியில. ஒரே ஒரு பொட்டுதான்” என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

“இன்னாம்மா நீ! இரும்பு மேல இரும்பு பச்சுனு உக்காரணும். நடுவுல முடி கீது, தூசி கீது, சாமி கீதுன்னா வேலைக்காவாது. இத்தினி வருஷமா பட்டறை வெச்சிக்கினுகீற, இது தெரியாதா?”

ஸ்ரீலக்ஷ்மிக்கு முகம் சிவந்தது. அவளே மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் பொட்டைத் துடைத்தாள். பிளாக் மறுபடி உட்கார்ந்தது. முட்கள் மறுபடி சைபருக்கு வந்தன.

நான்காவது பட்டை உள்ளே போனது.

இடது பக்கமாக வளைந்து வெளியே வந்தது.

ஸ்ரீலக்ஷ்மி கடிகாரத்தைப் பார்த்தாள்.

“சந்தனம் இருந்தப்பவே தேவல போலகீதே பாய்” என்றான் வேம்பு.

அக்பர் பாஷா திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டினார். வலது பிளாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு, “எல்லாரும் போய் டீ குடிச்சிட்டு வாங்க. ரோலு சூடு ஆறணும்” என்றார்.

நாலு பட்டை போனதில் ரோல் சூடே ஏறியிருக்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்த வேம்புவை ஸ்ரீலக்ஷ்மி சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. ஐந்தாவது பட்டை தரையில் டைல்ஸ் இடுக்கை ஒட்டிக் கிடந்தது. இடுக்கும் பட்டையும் ஒரே கோடு. வேம்பு குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு விசில் அடித்தான்.

ஸ்ரீலக்ஷ்மி அம்பத்தூருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றாள். பாய்க்கு வாங்கி வந்த டீயை மேசையில் வைக்கப் போனவள் நின்றாள்.

ஸ்பேனர்களுக்கு நடுவே ஒரு காகிதம். நான்காக மடித்தது. எண்ணெய் ஊறி, வெற்றிலை போலத் தட்டையாகியிருந்தது. பிளாக்கின் அடிப்புறத்து வரிகள் அதன்மேல் அப்படியே பதிந்திருந்தன. மடிப்புக்கு வெளியே பச்சை மையில் கொஞ்சம் உருது எழுத்து எட்டிப் பார்த்தது.

அக்பர் பாஷா அவசரமாக ஒரு துணியை எடுத்து அதன்மேல் போட்டார்.

“வூட்ல ஓதிக் குடுத்தாங்க” என்றார், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

ஸ்ரீலக்ஷ்மி சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். சாமி படத்துக்குக் கீழே இருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்து, மிஷினின் இடது தூணில், வெளிப்பக்கம், ஒரு பொட்டு வைத்தாள்.

கையைத் துடைத்துக்கொண்டு இழுப்பறையைத் திறந்தாள். செல்லோ டேப்பை எடுத்து டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“வெளிப்பக்கம் ஒட்டினா தகடு வளையாதில்ல, பாய்?”