கேட்காமல் வந்த மீதி

லிஸ்ப் என்ற கணினி மொழியில் எழுதிய பெரிய மென்பொருள் ஒன்று, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் பழைய கம்பைலரை விட்டுப் புதிய கம்பைலரிடம் குடிவந்தது. அதில் பக்கங்களைக் கணக்கிடும் சிறு நிரலான ஃபங்ஷன் ஒன்று வாசலிலேயே மாட்டிக்கொண்டது.

"நீ கூப்பிடுற வகுப்பான்னு இங்க யாருமில்லையே," என்றது கம்பைலர்.

"அவன் பழைய வீட்டு ஆளு. கூட வர முடியல."

புரோகிராமர் அதே பெயரில், எண்களை வகுத்துத் தரும் புது வகுப்பானை எழுதிச் சேர்த்தார். பிழை போனது. ஃபங்ஷன் கூப்பிட்டதும் ஈவு மட்டும் சரியாக வந்தது. ஆனாலும் அது நகரவில்லை.

"இன்னும் என்ன?" என்று கம்பைலர் எரிந்து விழுந்தது.

"பழையவன் ஈவோட மீதியையும் நீட்டுவான், கேட்காமலே. நான் ஒருநாளும் வாங்கினதில்ல."

"வாங்காததுக்கு இப்ப என்ன? பிழை ஏதாவது இருக்கா?"

"இல்ல," என்றது ஃபங்ஷன், இன்னொரு கையையும் நீட்டியபடியே.