நான்காவது பேனல்

என் மனைவி ஓட்டிய மின் ஆட்டோவுக்கு ஸ்டாண்டில் சார்ஜ் போட விட்டதில்லை. "பொம்பளைக்கு இங்க பிளக் கிடையாது" என்பார் ஸ்டாண்ட் தலைவர். அவள் இறந்த மறுமாதம், என் மொட்டைமாடியை அளக்க சோலார்காரரை வரவழைத்தேன்.

"ஆட்டோவோட மாற்று பேட்டரிக்கு சார்ஜ் ஏத்த ஒரு நாளைக்கு அஞ்சு யூனிட். மூணு பேனல் போதும் சார்."

"மழை மாசத்துக்குக் கணக்குப் போடுங்க."

"அப்போ நாலு."

வேடிக்கை பார்க்க ஏறி வந்திருந்த தலைவர் சிரித்தார். "உனக்கு சைக்கிளே தகராறு. பேசாம வண்டிய எனக்கு வித்துடு தம்பி."

"ஓட்ட ஆள் இருக்கு."

"எவன் அவன்? ஸ்டாண்டுக்குள்ள எப்படி நுழையறான்னு பாக்குறேன்."

காக்கிச் சட்டையும் கையில் லைசென்ஸுமாகப் படியேறி வந்து நின்றார் தலைவரின் மனைவி.

"நல்லாப் பாருங்க" என்றார் கணவரிடம். பிறகு என்னிடம், "உங்க வீட்டம்மா ஆறு மாசமா எனக்கு ஓட்டச் சொல்லிக்குடுத்தா. சாவியக் குடுங்க தம்பி."