கேட்டோர விஷச்செடி

“நாயை இழுத்துப் பிடிங்க சார். அந்தச் செடி விஷம். ஒரு இலை தின்னாப் போதும், கிட்னி போயிடும்.”

தையற்கார அம்மாள் மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக எச்சரித்தாள். பேங்க் மேனேஜர் பதறிப்போய் நாயைத் தூக்கிக்கொண்டார்.

“நல்லவேளை சொன்னீங்கம்மா.”

ஒரே வாரத்தில் தெரு முழுக்க விஷயம் பரவியது. காலையில் நாயோடு நடக்கிறவர்கள் எல்லாரும் எதிர்ப்பக்கமாகப் போனார்கள். அவள் நிம்மதியாகத் தைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்த் திரும்பியபோது, கேட்டுக்கு வெளியே மேனேஜரும் நான்கைந்து பேரும் கையுறையோடு நின்றிருந்தார்கள். செடி வேரோடு குப்பை வண்டியில் கிடந்தது.

“உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நாங்களே பிடுங்கிட்டோம்மா. இனிமே எந்த நாய்க்கும் பயமில்ல.”

“ரொம்ப நன்றி சார்” என்றவள், உள்ளே போய்ப் பொத்தென்று உட்கார்ந்தாள். கண் கலங்கியது.

“விஷச்செடி போனதுக்கா அழுவுற?” என்றாள், பார்க்க வந்திருந்த அக்கா.

“விஷமும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. மூணு வருஷமா வளர்த்த கமேலியா பூச்செடி. இப்பத்தான் முதல் மொட்டு விட்டுது. வர்ற போற நாயெல்லாம் அதுமேலயே காலைத் தூக்குதேன்னு ஒரு பொய் சொன்னேன்.”