கடைசிப் படகு போகும்வரை

"தம்பி, வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்க. யாருக்கு ஓட்டுப் போடறதுன்னு தெரியாம மண்டை காயுது. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

கொட்டும் மழையில் நடுரோட்டில் நின்று ஈஷ்பெல் வேனை மறித்தாள். அதன் கூரையில் தனிநாட்டுக் கட்சியின் நீலக்கொடி நனைந்து சுருண்டு கிடந்தது. ஓட்டி வந்தவன் தன் பெயர் இன்னஸ் என்றான். தீவுக்குப் புது முகம்.

"நாலு மணிப் படகுல ஆளுங்களை ஏத்தணும்மா. ஓட்டுச்சாவடி அக்கரையில இருக்கு. அதை விட்டா இன்னிக்கு வேற படகு கிடையாது."

"அப்போ என் ஓட்டு ஓட்டு இல்லையா? தனிநாடு கேக்கறவங்க ஒரு பொம்பளைக்குப் பதில் சொல்லக்கூட நிக்க மாட்டேங்கறாங்கன்னு ஊர் பூராச் சொல்றேன், போங்க."

எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகியது. இன்னஸ் அதைப் பார்த்தான், இறங்கி அவள் பின்னாலேயே வீட்டுக்குள் போனான்.

உண்மையில் ஈஷ்பெல்லுக்குக் குழப்பம் ஏதும் இல்லை. லண்டன் ஐரோப்பாவை விட்டு வெளியேறினால் நாம் லண்டனை விட்டு வெளியேறுவோம் என்று ஸ்காட்லாந்தில் பாதிப்பேர் கிளம்பியிருந்த குளிர்காலம் அது. தீவில் அந்தப் பாதி சத்தமாகப் பேசும். மறுபாதி வாயே திறக்காது. ஈஷ்பெல் மறுபாதி. சேர்ந்தே இருப்போம் என்ற கட்சியின் வேட்பாளர் ரானல்ட் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவனுக்கான ஓட்டைப் போன வாரமே தபாலில் போட்டுவிட்டாள்.

ரானல்ட் ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றவன். தோற்றால் நேரே அக்கா வீட்டுப் பின்னறைக்கு வந்து படுத்துக்கொண்டு, தோல்பை வாத்தியத்தில் ஒரே சோகப் பாட்டை ஊதுவான். போன தடவை ஒன்பது ஓட்டில் தோற்றுவிட்டு ஈஸ்டர் வரை ஊதினான். கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஊதாத நேரத்தில் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இந்தத் தடவை அவன் ஜெயித்தே ஆகவேண்டும்.

"கோட்டைக் கழட்டிக் குடுங்க, அடுப்புக்கிட்ட காயப் போடறேன்," என்று வாங்கிப் போனாள். பையில் இருந்த வேன் சாவியை எடுத்து மாவு டப்பாவுக்குள் புதைத்தாள். ஆட்டுக்கறியும் பார்லியும் கொதித்த சூப்பை அவன் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க தம்பி. நாம ஏன் பிரியணும்?"

"அது வந்து... ஐரோப்பாவை விட்டுப் போறது நம்ம முடிவு இல்லையேம்மா. லண்டன்தான் இழுத்துட்டுப் போகுது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லை. அவ்வளவுதான்." அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

இப்படி ஒரு சோப்ளாங்கியையா பிரசாரத்துக்கு அனுப்புவார்கள் என்று ஈஷ்பெல்லுக்குத் தோன்றியது. பேச்சு தீர்ந்தால் கிளம்பிவிடுவானே. வேறு வழியில்லாமல் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"நம்ம இறால் பூரா ஸ்பெயினுக்குத்தானே போகுது? இனிமே துறைமுகத்துல காகிதம் பார்த்து முடிக்கறதுக்குள்ள நாறிடாதா?"

"நாறிடும்மா."

"அதை நீங்கதானே தம்பி சொல்லணும். சரி, இங்கிலாந்து எல்லையில வேலி போட்டா நம்ம ஆடுகளை எங்க கொண்டுபோய் விக்கறது?"

"அதானே. நானும் அதைத்தான் யோசிச்சேன்."

"நீங்க யோசிக்கக் கூடாது. பதில் சொல்லணும்."

அதற்கும் அவளே பதில் சொன்னாள். பென்ஷன் பற்றிக் கேட்டாள், அதற்கும் தானே விளக்கம் கொடுத்தாள். இரண்டாவது கிண்ணம் முடிவதற்குள், தனிநாடு வந்தால் தேவலை என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. பயந்துபோய்ப் பேச்சை நிறுத்திவிட்டு, திராட்சைப் புட்டிங்கை வெட்டி வைத்தாள்.

இன்னஸ் எழுந்துவிட்டான். "இல்லம்மா, வயசானவங்க எல்லாம் கோட்டு மாட்டிக்கிட்டு வாசல்ல நிப்பாங்க. என்னை நம்பித்தான் இருக்காங்க."

"ஐயோ பாவம். எத்தனை பேரு?"

"பதினாறு பேரு."

பதினாறு ஓட்டு. ஈஷ்பெல்லின் வயிறு குளிர்ந்தது. கோட்டை எடுத்துக் கொடுத்தாள். அவன் பைகளைத் துழாவினான், உதறினான், பிறகு தரையில் முட்டிபோட்டு நாற்காலிகளுக்கு அடியில் தேடினான். துணைக்கு அவளும் முட்டிபோட்டாள்.

"கவலைப்படாதீங்க. போன வருஷம் என் பல்செட்டு இப்படித்தான் காணாமப் போச்சு. ரெண்டே நாள்ல கிடைச்சுது."

"ரெண்டு நாளா?" என்றான் அவன், சோபாவுக்கு அடியிலிருந்து.

அப்போது துறையில் படகின் சங்கு ஊதியது. ஜன்னல் வழியே பார்த்தால், நாலு மணிப் படகு வெறும் பெஞ்சுகளோடு அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்னஸ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. மாவு டப்பாவிலிருந்து சாவியை எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனில் தட்டி, அவன் கையில் வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. நான் வேட்பாளர் ரானல்டோட அக்கா. அவன் ஜெயிக்கணும்னுதான் உங்க பதினாறு பேரையும் நிறுத்தினேன்."

இன்னஸ் கோபப்படவில்லை. சாவியில் ஒட்டியிருந்த மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தனிநாட்டுக்காரங்க விடியறதுக்குள்ள முதல் படகுலயே போய் ஓட்டைப் போட்டுட்டாங்கம்மா. இந்தப் பதினாறும் உங்க தம்பியோட ஓட்டு. அவருக்குத்தான் போடறாங்கன்னு ஊருக்குத் தெரிஞ்சா வெளியில வரவே கூச்சப்படுவாங்கன்னு, அந்தக் கொடியைக் கட்டி என்னை அனுப்பினதே அவர்தான். 'எங்க அக்காகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே, உதவி பண்றேன்னு கிளம்பிடுவா'ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."