ரெட்டை ஜன்னல்

ஃபைல்களைப் பார்க்கக் கம்ப்யூட்டரோடு வரும் எக்ஸ்ப்ளோரரைக் கண்டாலே மேனேஜருக்கு ஆகாது. இடது பக்கம் ஒரு ஃபோல்டர், வலது பக்கம் ஒரு ஃபோல்டர் என்று இரண்டையும் ஒரே திரையில் காட்டும் சாஃப்ட்வேர்தான் அவருக்கு உயிர். ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயரே 'ரெட்டை ஜன்னல்'.

ஆபீசே மாதக்கணக்கில் கண்விழித்து வரைந்த பாலத்தின் வரைபடங்கள் கம்ப்யூட்டரில் இடத்தை அடைக்கின்றன, கையடக்க டிஸ்க்கில் ஏற்றிவிடு என்று வரைபடக்காரியிடம் காலையில் உத்தரவு போட்டிருந்தார். மாலையில் முதலாளியையே கூட்டிவந்து, அவளை எழுப்பிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சார், அந்த டிஸ்க்கு..."

"இரும்மா. உன் எக்ஸ்ப்ளோரர்ல காப்பி பண்ணதுல எதெல்லாம் விட்டுப்போச்சுன்னு நான் காட்டறேன்."

தன் சாஃப்ட்வேரைத் திறந்தார். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன.

"பாத்தீங்களா சார்? இடது பக்கம் ஒரிஜினல், வலது பக்கம் காப்பி. ஒரு ஃபைல்கூடக் குறையல. இனி ஒரிஜினல் எதுக்கு?"

"சார், ஒரு நிமிஷம்..."

"பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாதம்மா. சார், இது ரீசைக்கிள் பின்னுக்குக்கூட அனுப்பாது. அடியோட அழிச்சிடும்!"

தட்டினார். இடது பக்கம் துடைத்துவிட்டதுபோல் காலியானது. கூடவே வலது பக்கமும்.

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் அவளைப் பார்த்தார்.

"டிஸ்க்கு எங்கம்மா?"

"ரெண்டு ஜன்னல்லயும் தெரிஞ்சது ஒரே ஃபோல்டர் சார். டிஸ்க்கு உங்க பையிலதான் இருக்கு. காலையிலேருந்து அதைத்தான் கேக்க வர்றேன்."